வெயிலுக்கு வேலி போடுமுன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உள்ளூராட்சிச் சபைகளில் இருக்கும் முதல்வர்களுக்கும் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கரண்ட் வேலை செய்கிறவன். படுவான்கரையில் பிறந்து, இப்போது வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் குடியிருக்கிறேன். 2016இல் அரசு 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கிய பிறகு வீட்டு வயரிங்கை விட்டு, சோலார் பூட்டும் வேலைக்கு மாறினேன். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ கூரைகளில் ஏறி இறங்கியாகிவிட்டது. ஆகவே இதை எழுதுகிறவன் சோலாரால் சோறு தின்கிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல என் பேச்சையும் தட்டிப் பார்த்தே எடுங்கள்.

எழுத வைத்தது ஒரு சபை அமர்வு. எந்தச் சபை என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. மாடு மேய்கிற திறந்த வெளியான ஒரு தரவையில் சோலார் திடல் அமைக்கக் கம்பனி ஒன்று கேட்டிருந்தது. அந்தப் பேச்சு வந்தபோது ஒரு உறுப்பினர் எழும்பி, "இந்தக் கண்ணாடியை எல்லாம் விரித்தால் மேகம் கலைந்துபோகும், மழை பெய்யாது, மாடு மலடாகும்" என்று ஒரே மூச்சில் சொன்னார். மேசையில் தட்டினார்கள். இன்னொருவர் எழும்பி, "எதிர்க்கிறவன் எல்லாம் அபிவிருத்திக்கு எதிரி, இப்படிப்பட்டவர்களால்தான் 2022இல் இருட்டில் கிடந்தோம்" என்றார். அதற்கும் மேசையில் தட்டினார்கள். (2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது எண்ணெய் வாங்க டொலர் இல்லாததால். அதில் எந்த மாட்டுக்காரருக்கும் பங்கில்லை.) அப்புறம் தேநீர் வந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

பின் வாங்கில் எனக்குப் பக்கத்தில் மாடு வளர்க்கிற ஒரு பட்டிக்காரர் இருந்தார். எழுபது வயது இருக்கும். துவைத்து மடித்த வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மாட்டுக் குறி பதிந்த பழைய காகிதங்கள். அவர் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அமர்வில் கேட்க அவருக்கு வாய்க்கவில்லை. வெளியே மர நிழலில் நின்று என்னிடம் கேட்டார்: "மனே, அவன் வேலி அடைச்சா என்ட மாடு தண்ணிக்கு எப்பிடிப் போறது?"

மேகத்தைப் பற்றியும் அபிவிருத்தியைப் பற்றியும் அரை மணித்தியாலம் பேசிய சபையில் யாரும் தொடாத கேள்வி அது. கம்பனிக்காரரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அவர்களுடைய வரைபடத்தில் அந்த இடம் வெற்றுக் காணி. அளக்க வந்த பொடியன்கள் வந்தது அறுவடை முடிந்த மாதத்தில். அப்போது மாடெல்லாம் அறுத்த வட்டையில், அதாவது வயல்வெளியில், மேய்ந்துகொண்டிருந்தன; தரவையில் ஒரு கன்றுகூட நின்றிருக்காது. பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டால் மாட்டை வயலை விட்டுக் கலைக்க வேண்டும். அப்போது போவதற்கு இருப்பது அந்தத் தரவைதான். வருடத்தில் பாதி நாள் வெறுமையாகக் கிடக்கிற இடத்தை வெற்றுக் காணி என்று சொன்னால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நமக்குத் திசைக்கே வெயிலை வைத்துத்தான் பெயர். சூரியன் எழுகிற கரை எழுவான்கரை, படுகிற கரை படுவான்கரை. காற்றுக்கும் அப்படித்தான்: மே பிறந்தால் கச்சான், மாரிக்கு வாடை, கடலிலிருந்து வந்தால் கொண்டல். இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் இப்போது மெகாவாட் என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நம் உலர் வலயத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோவாட் மணி வரை வெயில் விழுகிறது. நல்ல விளைச்சல்தான். காற்று அப்படியில்லை. 2003இல் வெளியான இலங்கைக் காற்று வரைபடத்தில் பெயர் வாங்கியவை மன்னார், கற்பிட்டி, யாழ்ப்பாணம், மலைநாட்டுக் கணவாய்கள் போன்ற இடங்கள். எனவே மட்டக்களப்பில் நாளைக்கே காற்றாலை வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் ஆசைப்படுகிறவர்களும் கொஞ்சம் மூச்சு விடலாம். நமக்கு வரப்போவது பெரும்பாலும் சோலார்தான். வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது. அம்பாறைக்கு அடுத்த வீடான மொனராகலையில், சியம்பலாண்டுவையில் 100 மெகாவாட் வேலை நடக்கிறது. திருகோணமலைச் சம்பூரில், நிலக்கரி ஆலைக்கென்று குறித்துவைத்துக் கடைசியில் கைவிட்ட ஊரில், 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சோலாருக்கு ஆரம்ப விழா வைத்தார்கள்.

ஆக, இந்தப் பேச்சு உங்கள் சபைக்கும் வரும், இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருடம். அதற்கு முன்னால் சனத்தின் மனதில் இருப்பதை நான் கூரையிலிருந்தும் தேத்தண்ணிக் கடையிலிருந்தும் கேட்டவரை சொல்கிறேன்.

பார்க்க அசிங்கம் என்கிறார்கள் சிலர். இதை நான் முழுதாக நம்பவில்லை. நம் ஊர்களில் கைபேசிக் கோபுரம் முளைத்தபோது யாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை, சிக்னல் எத்தனை கோடு என்றுதான் பார்த்தார்கள். பாலமீன்மடு வெளிச்சவீடு வெள்ளைக்காரன் கட்டியது. இன்றைக்குக் கலியாணப் படம் எடுக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் வந்ததும் வாவியின் தோற்றமே மாறிப்போனது. பாதை என்று நாம் சொல்கிற மிதவைப் படகு ஓடிய துறை போய்விட்டது, காத்திருந்து கதைத்த ஆட்கள் போய்விட்டார்கள். ஆனாலும் அந்தப் பாலத்தை ஒருவரும் அசிங்கம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பாலத்தால் யாருடைய அம்மாவை எந்த ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்று ஊருக்குத் தெரியும். தனக்கு ஆகிற பொருள் கண்ணை உறுத்தாது. தன்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே எதையோ செய்கிற வேலிதான் உறுத்தும்.

ஒரு பழைய கதை. சமாதானப் பேச்சு நடந்த காலம், படுவான்கரையில் எங்கள் பக்கம் கம்பிக் கரண்ட் இல்லை. எங்கள் ஒழுங்கையில் பெரிய வயல்காரரான ஒரு போடியார் வீட்டுக் கூரையில் ஒரு சின்னப் பெனல் வந்தது. பாய் அகலம்கூட இருக்காது. ஒரு கார் பற்றரி, இரண்டு 12 வோல்ட் பல்பு, ஒரு கறுப்பு வெள்ளை டிவி. பின்னேரமானால் ஒழுங்கை முழுக்க அந்த முற்றத்தில். மேகம் மூடிய நாளில் படம் பாதியில் நின்றுபோகும். போடியாரைத் திட்டாமல் மேகத்தைத் திட்டினோம். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அந்தப் பெனல்தான் காரணம். அந்த நாளில் அதைப் பார்த்து மழை போய்விடும் என்று எவரும் சொல்லவில்லை. இப்போது யானை வேலிக்குக் கரண்ட் கொடுப்பதும் கம்பத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெனல்தான். அதற்கு எதிராகவும் கூட்டம் போட்டதில்லை. கண்ணாடி அதே கண்ணாடி. யாருடையது என்பதுதான் மாறியிருக்கிறது.

அதனால்தான் அந்த மேகக் கதை எனக்கு எரிச்சலூட்டுகிறது. அமர்வு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கோயில் வீதியில் ஒரு பெனலைக் கொண்டுபோய் வைத்தேன். கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர் ஐயா அனுமதி தந்தார், கதிரையும் தந்தார். இருபது முப்பது பேர் கூடினார்கள். ஒரு வெப்பமானி, ஒரு வாளித் தண்ணீர், கரண்ட் அளக்கிற ஒரு மீற்றர். மத்தியான வெயிலில் பெனலின் பின்பக்கம் 60 பாகையைத் தாண்டியது. "பார்த்தியா, சூடுதானே?" என்றார் ஒருவர். சூடுதான், மறைக்கவில்லை. விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்களவுதான் கரண்டாகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். தண்ணீரை ஊற்றினேன், பெனல் குளிர்ந்தது, மீற்றரில் எண் ஏறியது. சூடு கூடினால் பெனலின் விளைச்சல் குறையும், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3, 0.4 என்று. கச்சான் மாதத்தில் நம்மைப் போலவே அதற்கும் களைப்பு வரும் என்றேன், சிரித்தார்கள். கண் கூசுமா என்று கேட்டார்கள். பெனலைச் சரித்துக் காட்டினேன். உச்சி வெயிலில் அது வெளிச்சத்தை விழுங்கத்தான் பார்க்கும், திருப்பி அனுப்பினால் கம்பனிக்குத்தான் நட்டம். ஆனால் காலை மாலையில் சாய்ந்த வெயில் பட்டால் சில கோணங்களில் மின்னும், வாவித் தண்ணீர் மின்னுவதைப் போல. அதையும் சொன்னேன்.

மழைக்கு வந்தோம். நமக்குப் பெருமழை வருவது வாடைக் காற்றில், வங்காள விரிகுடாவிலிருந்து. அதைத் தடுக்க நாற்பது ஐம்பது ஏக்கர் கண்ணாடியால் ஆகாது. ஆனால் பெய்த மழை எந்தப் பக்கம் ஓடும் என்பதை அந்தக் கண்ணாடி மாற்றும். நிலத்தில் பரவலாக விழுந்த மழை, பெனல் வரிசையின் கீழ் விளிம்பில் ஒரே கோடாக ஒழுகும். அங்கே மண் அரிக்கும். பெக்கோ இயந்திரத்தை விட்டு நிலத்தை மட்டமாக்கி, பற்றையை வழித்து, சுற்றிவர றோட்டும் போட்டால், முன்பு பள்ளத்தில் நின்று மெதுவாக வடிந்த வெள்ளம் அடுத்த வட்டைக்குள் இறங்கும். இதை நான் சொன்னதும் அதுவரை பேசாமல் இருந்த, வயலுக்குத் தண்ணீர் பார்க்கிற வட்டை விதானை ஒருவர் நிமிர்ந்தார். எந்த வாய்க்கால், எந்த மதகு, எந்த வயற்கண்டம் முதலில் தாழும் என்று நிலத்தில் குச்சியால் கீறியே காட்டினார். அரை மணித்தியாலம் பேசினார். எந்தக் கம்பனியின் அறிக்கையிலும் அவ்வளவு தெளிவான வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

உறுப்பினர்களே, உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான். மழை நிற்கும் என்று சபையில் நீங்கள் பேசினால் கம்பனிக்காரர் மனதுக்குள் சந்தோசப்படுவார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடத்தில் அதைப் பொய் என்று காட்டுவார். அதோடு சனம் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஆகிவிடும். வெள்ளம் எங்கே வடியும், மாடு எங்கே போகும், யானை எந்தப் பக்கம் திரும்பும் என்கிற மெய்யான கேள்விகளும் அந்தப் பொய்யோடு சேர்ந்து அடிபட்டுப்போகும். யானையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது வழமையாக நடக்கிற தடத்தில் நாற்பது ஏக்கரை மறித்தால் திரும்பிப் போகாது, பக்கத்து ஊருக்குள் வரும்.

சூட்டைப் பற்றிய பயத்தைக்கூட நான் முழுப் பொய் என்று தள்ளமாட்டேன். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சோலார் திடலை அளந்து 2016இல் வெளியான ஆய்வில், கைபடாத பாலைநிலத்தைவிடத் திடலுக்குள் இரவில் 3 முதல் 4 பாகை சூடு கூடுதலாக இருந்தது. அது பாலைவனம், நம் நிலம் வேறு. புல்லை வழிக்காமல் விட்டால் நிலைமை மாறலாம். சரி, அப்படியானால் புல்லை வழிக்காதே என்று நிபந்தனை போடலாமே? பெனல்களைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் அடியில் ஆடு மேயலாம். பல நாடுகளில் மேய்க்கிறார்கள். மாட்டுக்கு இன்னும் உயரம் வேண்டும், செலவும் கூடும், நம் மாடுகள் உரசினால் எந்தக் கால் நிற்கும் என்பது வேறு பிரச்சினை. ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

காணிப் பேச்சு வந்தால் நம் மக்களின் குரல் ஏன் சட்டென்று உயர்கிறது என்று கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு விளங்குவதில்லை. உங்களுக்கு விளங்கும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. குளம் வந்தது, தண்ணீர் வந்தது, இங்கினியாகலையில் இன்றும் ஓடுகிற 11 மெகாவாட் நீர்மின்னும் வந்தது. கூடவே யார் எங்கே குடியேறுவது என்ற கணக்கும் மாறிப்போனது. ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். வாய்க்குள் மண் சேர்ந்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது அலை. நிந்தவூரில் ஒரு ஹாஜியார் வீட்டில் பெனல் பூட்டப் போனபோது, அவர் கூரையைக் காட்டவில்லை, முதலில் கடலைத்தான் காட்டினார். "தம்பி, அங்கதான் எங்கட வளவு இருந்த" என்றார். தண்ணீருக்குள் ஒரு கிணற்றுக் கட்டு தெரிந்தது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டமாகக் குந்தினார்கள். இதையெல்லாம் பார்த்த சனத்திடம் போய், 'எங்கேயாவது போடு, என் வளவுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்கிற சுயநலம் இது' என்று சொன்னால் கேட்பவனுக்குக் கோபம் வராதா?

மன்னாரிலும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். அங்கே மின்சார சபை அமைத்த தம்பபவனி மின்நிலையத்தில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்தவை. பிறகு இன்னும் வரும் என்றார்கள். 2025 ஆகஸ்டில், உதிரிப் பாகங்களோடு வந்த லொறிகளை மன்னார் மக்கள் மறித்தார்கள். அங்கே அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பாருங்கள்: வெள்ளம் வடியவில்லை, மீன் விலகுகிறது, பறவை வருகிற வழி, எங்களைக் கேட்கவில்லை. காற்றிலிருந்து கரண்ட் எடுப்பதே பாவம் என்று அவர்கள் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. முதல் 30 நின்று சில வருடம் ஆன பிறகு வந்த எதிர்ப்பு அது. பழகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கு பிழைத்துப்போனது.

இனி டென்மார்க். ஒலுவில் துறைமுகத்துக்குக் கடன் தந்த அதே நாடு. அங்கே தலைநகர் கொப்பன்ஹேகனுக்கு எதிரே கடலில் மிடில்குருண்டன் என்ற இடத்தில் 20 காற்றாலைகள் 2000ஆம் ஆண்டு முதல் நிற்கின்றன. முதலில் போட்ட திட்டம் 27 காற்றாலை, மூன்று வரிசை. கரையிலிருந்து பார்க்க அது குழப்பமாக இருக்கும் என்று சனம் சொன்னது. அப்புறம் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே வரிசையில் வில்லைப் போல வளைத்து நட்டார்கள். பாதி நகரத்து மின் நிறுவனத்துக்கு, மற்றப் பாதி ஒரு கூட்டுறவுக்கு. அந்தக் கூட்டுறவில் 8,500க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2009 முதல் சில காலம், கரையில் காற்றாலை போடுகிறவர் அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு வாங்கத் தர வேண்டும் என்று சட்டமே அங்கே இருந்தது. நம் ஊரில் கூட்டுறவு என்றால் என்ன நினைப்பு வரும் என்று எனக்கும் தெரியும், சிரிக்காதீர்கள். நெல்லுச் சங்கமும் பால் சங்கமும் நடத்துகிற நமக்கு அது அந்நியமான சங்கதி இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நிலத்தில் ஒரு மெகாவாட் சோலாருக்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் போகும். 10 மெகாவாட் என்றால் 40, 50 ஏக்கர். அதே 10 மெகாவாட்டை, வீட்டுக்கு 5 கிலோவாட் வீதம் 2000 கூரைகளில் ஏற்றலாம். இப்போது வருகிற பெரிய பெனல் 9 அல்லது 10 போட்டால் 5 கிலோவாட். காத்தான்குடியிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை கூரையும் மொட்டை மாடியும்தான். சந்தைக் கட்டடம், பள்ளிக்கூடம், நெல் ஆலை, களஞ்சியம், உங்கள் சபைக் கட்டடம். இதற்கு எந்த மாட்டையும் கலைக்கத் தேவையில்லை. 2025இல் இந்திய உதவியில் நாடு முழுக்க 5000 வணக்கத்தலங்களின் கூரையில் சோலார் வந்தது, 25 மாவட்டத்திலும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் சண்டை பிடிக்காமல் பங்குபோட்ட சில சங்கதிகளில் அதுவும் ஒன்று.

கூரைக்கும் கஷ்டம் உண்டு. கடற்கரைக் காற்றில் உப்பு. பெனலைத் தாங்குகிற சட்டகத்தை மலிவாக வாங்கினால் மூன்று வருடத்தில் துரு. தென்னை நிழல், சிலவேளை தென்னங்காயும். 1978 நவம்பர்ப் புயலைப் பார்த்தவர்கள் ஓட்டுக் கூரையில் ஏற்ற வேண்டாம் என்பார்கள், அதிலும் நியாயமிருக்கிறது. ஆணியடிப்பை அதற்கேற்பச் செய்ய வேண்டும். அரசின் பேச்சு மாறுவது வேறு. தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு, விற்கிற கரண்டில் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 15.50 என்று தெளிவாகச் சொன்னார்கள், கடன் எடுத்துப் போட்டார்கள். பிறகு வந்தவர்களுக்கு விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2025 பெப்ரவரி 9இல், ஒரு ஞாயிறு பகல், நாடு முழுக்க இருண்டது. அதற்கு முதலில் பாணந்துறை மின் துணைநிலையத்தில் புகுந்த குரங்கைச் சொன்னார்கள், பிறகு சோலார் கூடிப்போனதையும் சொன்னார்கள். அந்தச் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி அறிவித்தார்கள். தொழிற்சாலை பூட்டியிருந்தால் கரண்ட் செல்லாது, கம்பி தாங்காது என்பது எனக்கு விளங்கும். பலகாரம் சுடுகிற நாளில் வீட்டுக்காரர்களுக்கு அதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பற்றரி வந்தால் இது குறையும். அதுவரைக்கும் கூரையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னால் அது வியாபாரப் பேச்சு. நிலத்திலும் கொஞ்சம் வரத்தான் வேண்டும். எந்த நிலம், யாரைக் கேட்டு என்பதைத்தான் பேசுகிறேன்.

வயலுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் காவல் நிற்கிறது. அனுமதியில்லாமல் வயலை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. தரவை பல இடங்களில் பத்திரத்தில் வெறும் அரச காணி. அதை விடுவதும் பிடிப்பதும் உங்கள் கையில் இல்லை, பிரதேச செயலகமும் மற்றத் திணைக்களங்களும் பார்க்கிற வேலை என்பதும் தெரியும். ஆனாலும் உங்கள் கதவைத் தட்டாமல் அந்தக் கம்பனியால் ஒரு கட்டடமும் கட்ட முடியாது, உங்கள் வீதியில்தான் அவர்களுடைய லொறி ஓட வேண்டும். அந்தக் கதவைத் திறக்குமுன் சில விசயம் கேளுங்கள்.

முதலில் படம். பெனல் விரித்த பிறகு கோயில் வாசலில் நின்றால் என்ன தெரியும், பாடசாலை வாசலில் நின்றால் என்ன தெரியும் என்று படமாகக் கேளுங்கள். கணினியில் செய்ய ஒரு நாள் போதும். மாரியில் ஒரு தரமும் கோடையில் ஒரு தரமும் நிலத்தைப் பட்டிக்காரரோடு நடந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மாட்டுத் தடத்தையும் தண்ணீர் வழியையும் வேலிக்கு வெளியே விட்டதாக வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்படுகிற திட்டமென்றால் அறிக்கை குறிப்பிட்ட காலம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். அந்தக் காகிதத்தைச் சபை வாசலில் தமிழில் ஒட்டுங்கள். ஒளித்தால் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அதையும் உங்களை விட நன்றாக எங்கள் பொடியன்கள் பாவிப்பார்கள். 25 வருடம் கழித்து அந்தக் கண்ணாடியை யார் அள்ளுவது என்பதற்கு இப்போதே ஒரு வைப்புப் பணம் கட்டச் சொல்லுங்கள். கம்பனி அப்போது இருக்குமா தெரியாது, தரவை இருக்கும். அப்புறம் ஊருக்கு என்ன மிச்சம் என்று கேளுங்கள். காவலாளி வேலை இரண்டு, புல் வெட்டுகிற வேலை நான்கு என்பார்கள். அது போதாது. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் வாசிகசாலைக்கும் கூரைச் சோலார் போட்டுத் தரக் கேட்டால் என்ன?

அந்த ஊரில் தீர்மானம் இன்னும் ஒத்திவைத்தபடியே கிடக்கிறது. பட்டிக்காரர் போன கிழமையும் என்னைச் சந்தையில் கண்டு கேட்டார், சபையில் கூப்பிடுவார்களா என்று. கூப்பிடுங்கள். பெனலும் வாளியும் வெப்பமானியும் நான் கொண்டுவருகிறேன், வட்டை விதானை குச்சியோடு வருவார். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ நேரம் இடிக்கும். காலை 10 மணிக்கு முன்னாலும் வைக்காதீர்கள். பால் கறந்து, கொண்டுபோய்க் கொடுத்து, குளித்துவிட்டுத்தான் அவரால் வர முடியும்.

இப்படிக்கு,
படுவான்கரையைச் சேர்ந்த ஒரு சோலார் பூட்டுகிறவன்